லாஜிடெக் எம்185: கோளாறு மவுஸிலா, போர்ட்டிலா?

பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் ஒயர்லெஸ் மவுஸ் இது. ஒரே ஒரு ஏஏ பேட்டரி, யுஎஸ்பி போர்ட்டில் செருகும் நகம் அளவு ரிசீவர், 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இணைப்பு. கைக்கு அடக்கம், பெரிய கைக்காரர்களுக்குச் சற்றுச் சிறிது. கிளிக் சத்தம் கேட்கும். சத்தமே ஆகாது என்பவர்கள் லாஜிடெக்கின் சத்தமில்லா மாடலான எம்331 பார்க்கலாம்.

கர்சர் திக்குகிறது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகுமுன், புது ஆல்கலைன் பேட்டரி போட்டுப் பாருங்கள். அப்புறமும் திக்கினால், கர்சர் நிற்கும் நேரத்தில் கிளிக் வேலை செய்கிறதா என்று கவனியுங்கள். செய்தால் இணைப்பில் குறையில்லை, தடுமாறுவது மவுஸின் அடியில் அசைவைப் பார்க்கும் சென்சார். கண்ணாடி மேசை, பளபளக்கும் சன்மைக்கா, ஏன், அடியிலுள்ள துளையில் சிக்கிய ஒரு முடிகூடப் போதும். கிளிக்கும் சேர்ந்து நின்றால்தான் ரேடியோ பக்கம் போக வேண்டும்.

அங்கே பெரும்பாலும் காரணம் யுஎஸ்பி 3.0 போர்ட். அதில் டேட்டா ஓடும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே வந்து விழுகிறது. இன்டெல் 2012-இலேயே இதை விளக்கி வெளியிட்டது. ரிசீவருக்குப் பக்கத்துப் போர்ட்டில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி ஒரு பெரிய ஃபைலை காப்பி போடுங்கள். காப்பி ஓடும்வரை கர்சர் தாவித் தாவிப் போய், முடிந்ததும் சீரானால் கோளாறு இதுதான். அரை மீட்டரோ ஒரு மீட்டரோ, யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றில் ரிசீவரை மாட்டி மவுஸ் பேட் ஓரத்துக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது. டெஸ்க்டாப்பில் இரும்பு கேபினெட்டின் பின்பக்கம் செருகியிருப்பவர்களுக்கும் இதே வைத்தியம். மவுஸ் வாங்கும்போதே இந்தக் கேபிளையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது.

பெல்லந்தூர், ஒயிட்ஃபீல்டு அப்பார்ட்மென்ட்களில் சுவருக்குச் சுவர் வைஃபை வேறு, அதிலும் பல இதே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுபவை. ரூட்டர் அதே மேசையில் இருந்தால் தள்ளி வையுங்கள். லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள்.

சிறிது நேரம் சும்மா விட்டபின் மட்டும் மவுஸ் எழ மறுத்தால் அது விண்டோஸின் மின்சிக்கனம். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். ரூட் ஹப் ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றிலும் எடுக்க வேண்டும்.

ரிசீவரை லேப்டாப்பிலேயே விட்டுப் பையில் திணிக்காதீர்கள். பேட்டரி மூடிக்குள் அதற்கென்றே ஒரு குழி இருக்கிறது.