தில்லியில் குழந்தைகளுக்கான வாழ்த்து அட்டை ஒர்க்‌ஷாப்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மயூர் விஹார், ஆர்.கே.புரம், ஜனக்புரி பக்கம் இருக்கும் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. "இரண்டு மணி நேரம், உங்கள் குழந்தை தன் கையாலேயே நான்கு வாழ்த்து அட்டைகள் செய்யும், வீட்டுக்கு ஒரு கிட்டும் உண்டு" என்று. அதை நம்பி 2,450 ரூபாய் கட்டினேன். ஒர்க்‌ஷாப்புக்கு 1,800, கிட்டுக்கு 650. பணம் போனது ஒரு பக்கம். அதைவிட மனது பொறுக்காத இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று என் மகளுக்கு, இன்னொன்று அவள் தம்பிக்கு. புகார் இன்னும் முடியாததால் நடத்தியவர்களின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரியாவிட்டாலும், இதே மாதிரி விளம்பரம் வந்தால் நீங்கள் சுதாரித்துக்கொள்ள முடியும்.

என் அப்பாவுக்கு எண்பது முடிகிறது. திருக்கடையூரில் சதாபிஷேகம். மகளுக்கு ஐந்தரை வயது, தாத்தாவோடு தினமும் ராத்திரி வீடியோவில் பேசாமல் தூங்கமாட்டாள். தாத்தாவுக்குக் கடையில் வாங்கிய அட்டை வேண்டாம், நானே செய்து கொடுப்பேன் என்று அவளேதான் சொன்னாள். வீட்டில் ஒன்றரை வயதுப் பையன் எதையும் பரப்பி வைக்க விடமாட்டான். அதனால் இரண்டு மணி நேரம் ஒரு இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்து செய்யட்டும் என்று சேர்த்துவிட்டேன்.

தெற்கு தில்லியில் ஒரு வாடகை ஹால். பதினான்கு குழந்தைகள், இரண்டு ஆசிரியைகள். அம்மா அப்பா உள்ளே இருந்தால் குழந்தைகளின் கவனம் சிதறும் என்று சொல்லி, எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். அதில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் அப்போது பட்டது. நடுநடுவே அவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் அட்டையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படங்கள். முடிந்ததும் ஒரு பளபளப்பான உறையில் நான்கு அட்டைகளைக் கொடுத்தார்கள். காகிதப் பட்டையைச் சுருட்டிச் செய்யும் குவில்லிங் தாமரை, அச்சில் வெட்டிய பட்டாம்பூச்சி, ஓரத்தில் சாட்டின் ரிப்பன். பார்க்க அவ்வளவு அழகு. பெருமையாக இருந்தது எனக்கு.

மெட்ரோவில் வரும்போது, "இந்தத் தாமரையை எப்படிம்மா சுத்தினே?" என்று கேட்டேன்.

"நான் சுத்தலம்மா. அந்த ஆன்ட்டி பையில இருந்து எடுத்தாங்க."

"பட்டாம்பூச்சி?"

"அதுவும் அவங்கதான். நான் ஸ்டிக்கர் ஒட்டினேன். ரெண்டு."

அப்புறம் தானாகவே சொன்னாள். முதலில் ஒரு தாளில் தாத்தாவை வரைந்தாளாம். பெரிய மூக்குக்கண்ணாடி போட்டு, கையில் பேப்பரோடு. கோணலாக இருக்கிறது, அம்மாவுக்குப் பிடிக்காது என்று சொல்லி அதை எடுத்துவிட்டார்களாம். மயூர் விஹார் வரும்வரை என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து குழுவில் வந்த படங்களை மறுபடி பார்த்தேன். பதினான்கு பிள்ளைகள் கையிலும் அதே தாமரை, அதே இடத்தில் அதே பட்டாம்பூச்சி. ஐந்து வயதுக் குழந்தை முனை மழுங்கிய கத்தரிக்கோலால் நேர்க்கோட்டை ஓரளவு வெட்டும், வட்டம் வெட்டினால் முக்கோணமும் இல்லாமல் வட்டமும் இல்லாமல் வரும். மூன்று மில்லிமீட்டர் அகலக் காகிதப் பட்டையை அப்படி ஒரே அளவாகச் சுற்றுவது அந்த விரல்களுக்கு முடியாத காரியம். அச்சு வெட்டும் இயந்திரத்தின் கைப்பிடியைத் திருப்பப் பெரியவர்களுக்கே தெம்பு வேண்டும். இதெல்லாம் தெரிந்தவள்தான் நான். ஆனாலும் அந்த நேரத்தில் அழகை மட்டும் பார்த்துவிட்டேன். ஒரு அட்டையின் உள்ளே என் மகளின் பெயர்கூடப் பெரியவர்கள் கையெழுத்தில் இருந்தது. அவளுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும்.

மறுநாள் நடத்தியவருக்குப் போன் செய்தேன். சண்டை போடவில்லை. அந்தத் தாத்தா படத்தை மட்டும் திருப்பிக் கொடுங்கள் என்றேன். ஹாலைச் சுத்தம் செய்தபோது எல்லாக் குப்பையும் போய்விட்டது என்றார். குப்பை என்ற சொல்லைத்தான் சொன்னார். பிறகு, "மேடம், அம்மா அப்பாவுக்கு நீட்டாக இருந்தால்தான் பிடிக்கிறது. குழந்தைகளை விட்டால் பசையைத்தான் பூசிக்கொள்ளும்" என்று விளக்கினார். பசையைப் பூசிக்கொள்ளத்தானே அனுப்பினேன்! தன் கையாலேயே செய்யும் என்று எழுதி வாங்கிய காசு அது. முன்கூட்டியே செய்துவைத்த அட்டையைக் குழந்தை கையில் கொடுத்துப் படமெடுத்து, அதையே அடுத்த விளம்பரத்தில் போடுகிறார்கள். என் மகளின் படமும் இப்போது அதில் இருக்கிறது. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

இனி அந்தக் கிட். இதைத்தான் எல்லாரும் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தரையில் பாய் விரித்துப் பிரித்தோம். உள்ளே விளக்கு எரியும் தீபாவளி அட்டை செய்ய மூன்று குட்டி எல்.இ.டி. விளக்குகள் இருந்தன. ஒன்று கீழே விழுந்ததும் அடிமூடி தானாகத் திறந்துகொண்டது. நகத்தால் தட்டினாலே திறக்கும் மூடி, திருகாணி கிடையாது. உள்ளே சி.ஆர்.2032 என்கிற மூன்று வோல்ட் பட்டன் பேட்டரி, இருபது மில்லிமீட்டர் அகலம், ஒரு ரூபாய் நாணயம் மாதிரி. எண்ணிப் பார்த்தால் விளக்கு மூன்று, பேட்டரி இரண்டு. சின்னவன் திவான் கட்டில் அடியில் உட்கார்ந்திருந்தான். டார்ச் அடித்துத் தேடியபோது அவன் கைக்கு ஒரு ஜாண் தூரத்தில், திவான் காலை ஒட்டிக் கிடந்தது. என் கை நடுக்கம் நிற்க ரொம்ப நேரமானது.

சாதாரண நாணயத்தை விழுங்கினால் பெரும்பாலும் தானாக வெளியே போய்விடும். பட்டன் பேட்டரி அப்படி இல்லை. உணவுக்குழாயில் சிக்கினால் அங்கிருக்கும் ஈரத்தில் மின்சாரம் ஓடி, காஸ்டிக் சோடா மாதிரியான காரம் உண்டாகி, சதையை அரித்துவிடும். இரண்டு மணி நேரத்திலேயே பெரிய காயம் ஆகலாம். தீர்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், இருமுகிறானா, வாந்தி எடுக்கிறானா என்று பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். நீங்களாக வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு உடனே போய், "பட்டன் பேட்டரி" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் விளையாடுவதற்கென்று விற்கும் பொருளுக்கு 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். இந்தப் பெட்டியில் அது இல்லை. முத்திரை மட்டுமா, தயாரித்தவர் பெயர், முகவரி, மாதம், வருடம், எம்.ஆர்.பி., புகார் சொல்ல ஒரு எண், எதுவுமே இல்லை. பொதி செய்து விற்கும் எந்தப் பொருளிலும் இவை இருந்தாக வேண்டும். இருந்ததெல்லாம் ஒரு இன்ஸ்டாகிராம் முகவரியும் ஒரு சிரிக்கும் சூரியன் படமும்தான்.

காகிதத்திலும் ஏமாற்று. 250 ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் 250 கிராம் எடை வரும் அட்டை என்று எழுதியிருந்தது. தொட்டதும் சந்தேகம் வந்தது, சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். இந்தக் கணக்கு சுலபம்: ஏ4 தாள் என்பது ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. அதனால் பதினாறு தாள் எத்தனை கிராம் வருகிறதோ அதுதான் ஜி.எஸ்.எம். கிட்டில் பத்துத் தாள் இருந்தது. 250 என்றால் 156 கிராம் வந்திருக்க வேண்டும். வந்தது 81. அதாவது சுமார் 130 ஜி.எஸ்.எம். அதில் குழந்தை பசை தடவினால் அப்பளம் மாதிரி நெளிந்துபோகும், மடித்து நிறுத்தினால் நிற்காது. பசைக்குச்சி காய்ந்து உதிர்ந்தது. கத்தரிக்கோல் கூர்முனை வைத்தது, பெரியவர்களுக்கானது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் "நோ ரீஃபண்ட் பாலிசி" என்றார்கள். பேட்டரி விஷயத்தைக் குழுவில் எழுதியதும் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள், நம்பரையும் பிளாக் செய்தார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன். யு.பி.ஐ. ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், தராசில் வைத்த படம், மூடி திறக்கிற வீடியோ எல்லாம் கையில் இருந்தன. சில நாள் கழித்து 650 ரூபாய் கணக்கில் வந்தது, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல். ஒர்க்‌ஷாப் பணத்துக்கு இன்னும் பதில் இல்லை. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடப்போகிறேன். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 1,800 ரூபாய்க்காக இவ்வளவு அலைச்சலா என்று எதிர் வீட்டு மாமி கேட்டார். அந்த ஹாலில் அடுத்த சனிக்கிழமையும் பதினான்கு பிள்ளைகள் உட்காரப்போகிறார்களே மாமி என்றேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு விளம்பரம் வந்தால், முதலில் பழைய படங்களைப் பாருங்கள். எல்லாக் குழந்தைகளின் அட்டையும் ஒரே மாதிரி அழகாக இருந்தால் அங்கே பணம் கட்ட வேண்டாம். நல்ல வகுப்பில் ஒன்று கிழிந்திருக்கும், ஒன்றில் விரல்ரேகை இருக்கும், ஒன்றில் எழுத்து தலைகீழாக இருக்கும். உள்ளே ஒரு பத்து நிமிடம் உட்காரலாமா என்று கேளுங்கள், மறுத்தால் அதோடு விட்டுவிடுங்கள். பசையை உருக்கி ஒட்டும் துப்பாக்கி (குளூ கன்) உண்டா என்றும் கேளுங்கள், சூடான பசை சின்னக் கையில் பட்டால் கொப்புளம்தான். கிட்டைப் பிரிக்கும்போது முழு வீடியோ எடுத்து வையுங்கள். மூடி திறக்கிற வீடியோ கையில் இருந்ததால்தான் எனக்குக் கிட்டின் பணம் வந்தது என்று நினைக்கிறேன்.

வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்கு: மயூர் விஹாரிலிருந்து புளூ லைன், ராஜீவ் சௌக்கில் மாறி எல்லோ லைன், சாவ்ரி பஜார். வெளியே வந்தால் தெருவெல்லாம் காகிதக் கடை, கல்யாணப் பத்திரிகைக் கடை. ஞாயிறு போகாதீர்கள், மூடியிருக்கும். மொத்த வியாபாரம் என்றாலும் பத்திரிகைக் கடைக்காரர்களிடம் வெட்டி மிஞ்சிய அட்டைத் துண்டு கேட்டால் மலிவாகக் கிடைக்கிறது. நான் 250 ஜி.எஸ்.எம். ஐவரி அட்டை ஒரு கட்டு வாங்கினேன். லேஸ், ஜரிகை வேண்டுமானால் பக்கத்திலேயே கினாரி பஜார். அட்டையை மடிக்கும் முன் இரு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்த வாட்டத்தில் மடித்தால் வெடிக்காது. மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டால் குழந்தையே நேராக மடித்துவிடும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தோய்த்து வைத்தால் பூ. புள்ளி வைத்துக் கொடுத்தால் கோலம். இதற்கெல்லாம் யாருடைய உதவியும் அவளுக்குத் தேவைப்படாது.

தேவைப்படாது என்றுதான் நினைத்தேன். அட்டையை எடுத்து வைத்ததும் பென்சிலை என்னிடம் நீட்டினாள். "நீயே போடும்மா, நான் போட்டா கோணலா வரும்." இதற்கு முன் ஒருநாளும் அவள் அப்படிச் சொன்னதில்லை. சுவரில் கிறுக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறவள். அந்த இரண்டு மணி நேரத்தில் அவளிடமிருந்து என்ன எடுத்துக்கொண்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. இதை எந்த ஆணையத்தில் என்னவென்று எழுதிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் வரைய மறுத்துவிட்டேன். கட்டாயப்படுத்தவும் இல்லை. வெண்டைக்காய்ப் பூவை மட்டும் ஓரமெல்லாம் குத்தினாள். மூன்று நாள் கழித்து, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்து பூக்களுக்கு நடுவில் இரண்டு பெரிய வட்டம் போட்டாள். தாத்தாவின் மூக்குக்கண்ணாடி. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. முகத்தை அப்புறம் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். எங்கள் ரயில் அடுத்த வியாழக்கிழமை.