நிழலுக்கு ரெண்டு வார்த்தை: மேற்கு மாம்பலத்தில் ஒரு சனிக்கிழமை இங்கிலீஷ் வகுப்பு

அயோத்தியா மண்டபத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். பழைய வீடு, மாடியில் ஒரே அறை, வாசலில் போர்டு கிடையாது. சனிக்கிழமை மாலை நாலரை முதல் ஆறு வரை வகுப்பு. பன்னிரண்டு வாரத்துக்கு 2,400 ரூபாய். நடத்துகிறவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் டீச்சர் என்றே எழுதுகிறேன். பன்னிரண்டு வாரமும் ஒன்று விடாமல் போய் முடித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பாரிமுனையில் ஏற்றுமதி இறக்குமதி டாக்குமெண்ட் பார்க்கிற ஆபீசில் 19 வருடமாக வேலை செய்கிறேன். இங்கிலீஷ் மெயில் எழுதாத நாளே இல்லை. போன வருடம் லண்டன் வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய இன்வாய்ஸில் எடைக் கணக்கு ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. 'ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் இன்வாய்ஸ்' என்று எழுதிக் கேட்டேன். பதில் எனக்கு வரவில்லை, எங்கள் மேனேஜருக்குப் போனது. எங்கள் கணக்கில் உங்களுக்கு நம்பிக்கை இல்லையா என்று கேட்டிருந்தார்கள். 'டவுட்' என்றால் அவர்கள் காதில் விழுவது அவநம்பிக்கை. நான் கேட்க வந்ததோ ஒரு சாதாரணக் கேள்வி. இதே வரியை இத்தனை வருடத்தில் எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன் என்று அன்று ராத்திரி எண்ணிக்கொண்டே கிடந்தேன்.

முதல் வகுப்பில் இதைச் சொன்னபோது டீச்சர் சிரிக்கவில்லை. போர்டில் தமிழில் இரண்டு வரி எழுதினார். 'சந்தேகம் கேட்டேன்.' 'சந்தேகப்பட்டேன்.'

"ரெண்டும் ஒண்ணாம்மா?" என்றார்.

"இல்லையே டீச்சர். ஒண்ணு பாடத்துல கேக்கறது. இன்னொண்ணு ஆளையே நம்பாம இருக்கறது."

"பாருங்க, வித்தியாசம் உங்களுக்குத் தெரியாம இல்ல. தமிழ்ல அதை வினைச்சொல் சுமக்குது. இங்கிலீஷ்ல பெயர்ச்சொல்லே சுமக்கணும். நீங்க வினையை இங்கயே விட்டுட்டுப் பெயரை மட்டும் கப்பல் ஏத்திட்டீங்க."

இந்த ஒரு விஷயத்தைத்தான் பன்னிரண்டு வாரமும் திருப்பித் திருப்பிக் காட்டினார். எனக்கு அது அலுக்கவே இல்லை. ஒரே மாதிரி இருக்கிற இங்கிலீஷ் வார்த்தைகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிற புத்தகங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. படித்த மறுவாரம் எது எது என்று மறந்துவிடும். இவர் தமிழிலிருந்து தொடங்குகிறார். நம் மொழியில் ஒரே வார்த்தை இருந்து அங்கே இரண்டு இருக்கிற இடத்தில்தான் நாம் வழுக்குகிறோம், ஆனால் அந்த இரண்டுமே நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது என்கிறார்.

எங்கள் வகுப்பில் ஒரு நர்ஸ் இருந்தார். பிரிட்டன் போவதற்காக ஓ.இ.டி. என்கிற, மருத்துவத் துறையினருக்கான இங்கிலீஷ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறவர். அவர் கொண்டுவந்த வார்த்தை 'மயக்கம்'. நோயாளி 'மயக்கமா இருக்கு' என்றால் தலை சுற்றுகிறது, அது 'டிஸி'. கூட வந்தவர் 'மயக்கம் போட்டுட்டார்' என்றால் 'ஃபெயின்டட்'. 'மயக்கத்துலயே இருக்கார்' என்றால் 'அன்கான்ஷியஸ்'. குறிப்பில் ஒன்றுக்கு இன்னொன்றை எழுதினால் பார்க்கிற டாக்டர் வேறு ஆளைக் கற்பனை செய்துகொள்வார். அதே போலத்தான் கை. நமக்குத் தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் கைதான். அவர்களுக்கு மணிக்கட்டு வரை 'ஆர்ம்', அதற்குக் கீழே 'ஹேண்ட்'. தோளுக்குக் கீழே எலும்பு முறிந்தவருக்கு 'ஹேண்ட்' என்று எழுதினால் என்ன ஆகும் என்று அந்தப் பெண் கேட்டபோது அறையில் யாரும் பேசவில்லை.

நான்காவது வாரம் 'கேள்'. 'ஹியர்', 'லிசன்' வித்தியாசத்தை எனக்கு யாருமே இப்படிச் சொன்னதில்லை. 'எனக்குச் சத்தம் கேட்டது' என்றால் 'ஹியர்'. 'நான் பாட்டுக் கேட்டேன்' என்றால் 'லிசன்'. 'எனக்கு' வந்தால் தானாக வந்து காதில் விழுந்தது, 'நான்' வந்தால் நானாகக் காதைக் கொடுத்தேன். 'எனக்குத் தெரிந்தது', 'நான் பார்த்தேன்' என்பதும் இதே ஜோடிதான், அங்கே 'சீ', 'லுக்'. முதல் வேற்றுமையா நான்காம் வேற்றுமையா என்று பள்ளியில் படித்த இலக்கணம் 46 வயதில் இங்கிலீஷுக்குப் பயன்படும் என்று நினைத்திருப்பேனா?

ஆனால் மனதில் நின்றுபோனது நிழல்தான். 'புளியமர நிழலில் நின்றேன்' என்பதில் வெயில் படாத இடம், அது 'ஷேட்'. 'சுவரில் என் நிழல் விழுந்தது' என்பதில் ஓர் உருவம், அது 'ஷேடோ'. இதுவரை யாரும் சொல்லிவிடலாம். டீச்சர் அதற்கு மேலே போனார். பழைய இங்கிலீஷில் இந்த இரண்டும் ஒரே சொல்லாம். எழுவாயாக நிற்கும்போது ஒரு வடிவம், வேற்றுமை உருபு ஏறும்போது இன்னொரு வடிவம், நம் 'மரம்' 'மரத்தை' ஆகிற மாதிரி. காலப்போக்கில் உருபுகள் உதிர்ந்துபோயின, இரண்டு வடிவமும் இரண்டு தனி வார்த்தையாக நின்றுவிட்டன. முதல் வடிவம் 'ஷேட்', உருபு ஏறிய வடிவம் 'ஷேடோ'. அவர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போல ஒரே சொல்லை வைத்துக்கொண்டு விகுதியால் வேலை வாங்கியவர்கள்தான் என்று தெரிந்ததும் அந்த மொழி மேல் எனக்கு இருந்த பயத்தில் பாதி போய்விட்டது.

ஒவ்வொருவரும் தன் வேலையில் தடுக்கி விழுந்த ஒரு ஜோடியைக் கொண்டுவர வேண்டும், அதுதான் வீட்டுப்பாடம். நான் கொண்டுபோனது 'டெமரேஜ்', 'டிடென்ஷன்'. டீச்சருக்கு இந்தத் தொழில் தெரியாது. "நீங்களே வந்து சொல்லுங்க" என்று சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டார். கன்டெய்னர் துறைமுகத்துக்குள்ளேயே இலவச நாட்களைத் தாண்டிக் கிடந்தால் 'டெமரேஜ்'. வெளியே எடுத்துப்போய்ச் சரக்கை இறக்கிவிட்டு, காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க நாள் கடத்தினால் 'டிடென்ஷன்'. எங்கள் ஆபீஸ் பேச்சில் இரண்டையும் போட்டுக் குழப்புவோம், பில் வந்த பிறகு யார் கட்டுவது என்று சண்டை வரும். நான் சொல்லி முடித்ததும் டீச்சர் அகராதியை எடுத்துப் பார்த்தார். முதல் வார்த்தையின் பிரெஞ்சு வேர் தங்குவது, தாமதிப்பது. இரண்டாவதின் லத்தீன் வேர் பிடித்து வைப்பது. "அப்ப ஒண்ணுல பெட்டி தங்கிடுச்சு, இன்னொண்ணுல நீங்க பிடிச்சு வெச்சிருக்கீங்க" என்றார். 19 வருடமாகப் பில் போடுகிற எனக்கு அன்றைக்குத்தான் அந்தப் பெயர்களின் காரணம் தெரிந்தது.

குறைகளும் உண்டு. அச்சடித்த குறிப்பு எதுவும் தருவதில்லை, எல்லாம் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும், ஒரு வாரம் தவறினால் அந்தப் பாடம் போனதுதான். 'எஃபிஷியன்ட்', 'எஃபெக்டிவ்' நடத்திய வாரம் சோர்வாகப் போனது, அதற்குத் தமிழில் உயிருள்ள உதாரணம் கிடைக்காமல் விளக்கமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சுப் பயிற்சி கிடையாது. நேர்முகத் தேர்வில் தடங்கலில்லாமல் பேச வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இது ஆகாது, இரண்டு பேர் மூன்றாவது வாரமே நின்றுவிட்டார்கள்.

ஆமை விஷயத்தில் ஒரு வாக்குவாதம். தரையில் இருந்தால் 'டார்ட்டாய்ஸ்', கடலில் இருந்தால் 'டர்ட்டில்' என்று டீச்சர் முடித்துவிட்டார். பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வருகிற மாதங்களில் இரவு நடை போய்வருகிற கல்லூரிப் பையன் ஒருவன், அமெரிக்கர்கள் எல்லாவற்றையும் 'டர்ட்டில்' என்கிறார்களே என்றான். இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை வந்ததும் முதல் வார்த்தையாக, "தம்பி சொன்னது சரி. நான் சொன்னது பிரிட்டிஷ் வழக்கு மட்டும்" என்றார். 2,400 ரூபாயில் பெரும் பகுதி எனக்கு அந்த ஒரு நிமிஷத்திலேயே வந்து சேர்ந்துவிட்டது.

சேர நினைப்பவர்களுக்கு: ஒரு சுற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் எடுப்பதில்லை. மாடிப்படி செங்குத்து, மூட்டு வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் கீழே கூடத்தில் நடத்துகிறார். வண்டி நிறுத்த இடமில்லை, மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடுவது நல்லது. 200 பக்க நோட்டு ஒன்று, உங்கள் தொழிலில் உங்களைக் குழப்புகிற வார்த்தை ஒன்று, இரண்டையும் முதல் நாளே கொண்டுபோங்கள். நான் இரண்டாவது சுற்றுக்கும் பணம் கட்டிவிட்டேன். இந்த முறை 'லீஸ்' கொண்டுபோகப் போகிறேன். மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருப்பதை நம் சென்னையில் லீஸ் என்கிறோம், நான் டைப் அடிக்கிற இங்கிலீஷ் ஒப்பந்தங்களிலோ லீஸ் என்று போட்டுவிட்டு மாதா மாதம் வாடகை கேட்கிறார்கள்.