5 டாலர் கூப்பன், 70 டாலர் அட்டை, 11 விழுக்காடு: எந்தத் தொண்டுக்கு எது பொருந்துகிறது?

பொருள் வாங்கும் கையாலேயே தொண்டுக்கும் கொடுக்கலாம் என்ற அழைப்பு, அமெரிக்க நகரங்களில் பண்டிகைக் காலம் நெருங்கும்போது ஆண்டுதோறும் கேட்பதுதான். டாலஸ் நகரின் பார்ட்னர்ஸ் கார்டு, ஹியூஸ்டன் நகரின் நட்கிராக்கர் மார்க்கெட், பான்-டன் என்ற பல்பொருள் அங்காடிக் குழுமம் தன் கடைகளில் நடத்திவந்த கம்யூனிட்டி டேஸ் ஆகிய மூன்றும் இந்த அழைப்பின் மூன்று வடிவங்கள். வெளிப்பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும், பணம் யாருடைய பையிலிருந்து புறப்படுகிறது, எத்தகைய அமைப்பைச் சென்று சேர்கிறது என்று பார்த்தால் அவற்றுக்கிடையே இருக்கும் தூரம் பெரிது.

பார்ட்னர்ஸ் கார்டை 1993இல் தொடங்கியது, குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்குப் புகலிடமும் ஆலோசனையும் தரும் தி ஃபேமிலி பிளேஸ் என்ற டாலஸ் அமைப்பு. அட்டையின் விலை பல ஆண்டுகளாக 70 டாலர் என்ற அளவில் இருந்துவந்திருக்கிறது. அந்தத் தொகை முழுவதும் அமைப்பைச் சேர்கிறது. அட்டையை வைத்திருப்பவருக்கு, அக்டோபர் இறுதியை ஒட்டிய பத்து நாள்களுக்கு, திட்டத்தில் சேர்ந்த பல நூறு கடைகளிலும் உணவகங்களிலும் 20 விழுக்காடு தள்ளுபடி கிடைக்கிறது. தள்ளுபடியின் சுமையைக் கடைக்காரர் ஏற்கிறார். தொண்டு அமைப்புக்கு அதில் செலவில்லை. ஆனால் 70 டாலரை வாங்குபவர் திரும்ப எடுக்க வேண்டுமானால் அந்தப் பத்து நாள்களுக்குள் 350 டாலருக்குப் பொருள் வாங்கியாக வேண்டும். டாலஸைச் சுற்றியுள்ள இர்விங், பிளேனோ, ஃபிரிஸ்கோ பகுதிகளின் தமிழ்க் குடும்பங்களுக்கு இது எட்டாத தொகையன்று, ஏனெனில் அந்த நாள்கள் பல ஆண்டுகளில் தீபாவளியை ஒட்டியே வருகின்றன.

பான்-டன் குழுமத்தின் கணக்கு இதற்கு நேர் எதிரானது. டேட்டனில் எல்டர்-பீர்மன், மில்வாக்கியில் பாஸ்டன் ஸ்டோர், டெ மாயினில் யங்கர்ஸ் என்று ஊருக்கு ஒரு பெயரில் இயங்கிய அக்கடைகள், கம்யூனிட்டி டேஸ் நிகழ்ச்சிக்காகக் கூப்பன் புத்தகங்களை அச்சிட்டு உள்ளூர்த் தொண்டு அமைப்புகளிடம் கொடுத்துவிடும். ஒரு புத்தகம் 5 டாலர். விற்ற அமைப்பே அந்த 5 டாலரை முழுமையாக வைத்துக்கொள்ளும். புத்தகத்துக்குள் 10 டாலர் கழிவுக்கான கூப்பன் ஒன்றும், 20, 30 விழுக்காட்டுத் தள்ளுபடிக் கூப்பன்கள் சிலவும் இருந்தன. முதல் கூப்பனைப் பயன்படுத்திய உடனேயே வாங்கியவர் லாபத்தில் நிற்கிறார். ஆகவே இங்கே கொடையாளர் என்று சொல்லத்தக்கவர் வாங்குபவர் அல்லர். கூட்டத்தைத் தன் வாசலுக்கு வரவழைக்க விளம்பரச் செலவாகத் தள்ளுபடியைக் கொடுக்கும் கடைதான். இதில் குறை காண எனக்கு எதுவுமில்லை. தொண்டு அமைப்பு முதல் போடாமல் பணம் பெற இதைவிட எளிய வழி அரிது.

எனினும் இந்த எளிமை எல்லா அமைப்புகளுக்கும் ஒரே அளவில் பயன்பட்டிருக்க முடியாது. கூப்பன் புத்தகத்தை விற்க ஆள் வேண்டும், ஆள்களுக்குத் தெரிந்தவர்கள் வேண்டும். பள்ளி இசைக்குழுவின் பெற்றோர், தேவாலயத்து மகளிர் குழு, சாரணர் படை, கைவிடப்பட்ட நாய்களைக் காக்கும் தன்னார்வலர்கள் ஆகியோர் அண்டை வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், அலுவலகத்தில் மேசை மேசையாகச் செல்வார்கள். ஐம்பது புத்தகம் விற்றால் 250 டாலர் கையில் இருக்கும். வன்முறையிலிருந்து தப்பி வந்து முகவரியை மறைத்து வாழும் பெண்களோ, அவர்களுடைய பிள்ளைகளோ அப்படி வீதியில் நின்று விற்க இயலாது, விற்கச் சொல்வதும் முறையன்று. உதவி பெறுபவரே தன் கதையைச் சொல்லிப் பணம் திரட்ட வேண்டிய அமைப்புகளுக்கும், உதவி பெறுபவர் மறைந்திருந்தே ஆக வேண்டிய அமைப்புகளுக்கும் இடையே உள்ள இந்த வேறுபாடு, ஒப்பீடுகளில் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. பார்ட்னர்ஸ் கார்டின் தனிச்சிறப்பு இங்கேதான் தெரிகிறது: விற்பது கடைகளும் தன்னார்வலர்களும், பெயர் வெளியே தெரிவது அமைப்புக்கு மட்டும், புகலிடத்தில் இருப்பவர் யாருக்கும் தெரியாதவராகவே இருந்துவிடலாம். நகரம் முழுவதும் ஒரே அமைப்புக்காகத் திரள்வதால் மற்ற அமைப்புகள் ஒதுக்கப்படுகின்றன என்ற குறையில் உண்மை இருக்கிறது. ஆனாலும் புகலிடத்துக்கு ஆண்டு முழுவதும் படுக்கை, உணவு, காவல், வழக்குதவி ஆகியவற்றுக்குத் தொடர்ந்து செலவு இருப்பதால், பலருக்குச் சிறிது சிறிதாகப் பிரிவதைக் காட்டிலும் ஒருவருக்குப் பெருந்தொகையாகச் சேர்வதே இவ்விடத்தில் பொருந்துகிறது என்பது என் கருத்து.

ஹியூஸ்டனின் நட்கிராக்கர் மார்க்கெட் 1981 முதல் நடந்துவரும் சந்தை. நவம்பரில் நான்கு நாள்கள் என்ஆர்ஜி மையத்தில் நடக்கும் இதில், நுழைவுச்சீட்டு வருமானத்தின் ஒரு பகுதியும் விற்பனையில் 11 விழுக்காடும் பாலே என்ற மேலைநாட்டு நடனத்தை நிகழ்த்தும் குழுவான ஹியூஸ்டன் பாலேயின் அறக்கட்டளைக்கும், அதன் நடனப் பள்ளிக்கும், மாணவர் உதவித்தொகைக்கும் செல்கின்றன. இங்கு வாங்குபவருக்குத் தள்ளுபடி ஏதுமில்லை. கடை விரித்தவர் தம் விற்பனையிலிருந்து கொடுக்கிறார். ஒரு பார்ட்னர்ஸ் கார்டு தரும் 70 டாலரை இச்சந்தை வழியாகப் பாலேவுக்குச் சேர்க்க, ஏறத்தாழ 636 டாலருக்குப் பொருள் விற்க வேண்டும். நடனத்துக்குக் கொடுப்பதும் புகலிடத்துக்குக் கொடுப்பதும் ஒன்றா என்று கேட்பவர்களுக்கு, ஒன்றல்ல என்றே சொல்வேன். ஆனால் 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலின் வெள்ளம், ஹியூஸ்டன் பாலே தன் நிகழ்ச்சிகளை நடத்தும் வோர்த்தம் அரங்கத்துக்குள் புகுந்து, அது ஓராண்டளவு மூடிக் கிடந்தபோது, நடனக் குழு வேறு மேடைகளைத் தேடி அலைய வேண்டியிருந்தது. சொந்த அரங்கின் சீட்டு விற்பனையைச் சாராத வருமானம் ஒரு கலை அமைப்புக்கு எதற்காக வேண்டும் என்பதை அத்தகைய ஆண்டுகள் காட்டிவிடுகின்றன.

யாரைச் சார்ந்து நிற்கிறோம் என்ற இந்தக் கேள்விதான் கூப்பன் புத்தகத்தின் மெலிந்த இடமும்கூட. 1898இல் பென்சில்வேனியாவின் யார்க் நகரில் தோன்றிய பான்-டன், 2018 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்து, அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதிக்குள் தன் கடைகளையெல்லாம் மூடியது. அங்காடியோடு கம்யூனிட்டி டேஸும் முடிந்தது. கடை ஒன்று மூடினால் பார்ட்னர்ஸ் கார்டின் பட்டியலில் ஒரு வரி குறையும், அவ்வளவுதான். நட்கிராக்கர் மார்க்கெட்டில் காலியான இடத்துக்கு வேறொரு வணிகர் வருவார்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அமெரிக்க வரி விதிப்படி, கொடைக்கு ஈடாகப் பெற்ற பயனின் மதிப்பைக் கழித்த மீதியை மட்டுமே நன்கொடையாகக் கணக்கில் காட்ட முடியும். ஆகவே பத்து நாளில் 350 டாலருக்கு வாங்கும் தேவை வீட்டில் இல்லாதவர், அட்டையை வாங்கித் தேவையற்ற பொருள்களைத் தேடிக் கடைகளில் அலைவதைவிட, அந்த 70 டாலரை அமைப்புக்கு நேரடி நன்கொடையாக அனுப்பிவிடலாம்.