அல்சா, பல்ஸ்ஆடியோ, பைப்வயர்: சத்தம் வராதபோது எது கைகொடுக்கிறது?

லினக்ஸ் போட்ட மேசைக் கணினியில் சத்தம் நின்றுபோனால், பலரும் முதலில் பைப்வயரை நீக்கிவிட்டுப் பல்ஸ்ஆடியோவை நிறுவுவார்கள். இல்லையென்றால் அதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். நானும் ஒரு முறை இரவு முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். விடிந்தபோதும் கோளாறு அப்படியே இருந்தது. காரணம், இவை இரண்டுமே டிரைவர், அதாவது கார்டை இயக்கும் நிரல், அல்ல. சவுண்ட் கார்டோடு நேரடியாகப் பேசுவது லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் இருக்கும் அல்சாதான். மற்ற இரண்டும் அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, எந்தச் செயலியின் சத்தம் எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு அளவில் போகவேண்டும் என்று பங்கிட்டுக் கொடுக்கின்றன.

அதனால் ஒலித் தரத்தை வைத்து இந்த மூன்றையும் ஒப்பிடுவதில் எனக்கு ஆர்வமில்லை. கோளாறு எங்கே இருக்கிறது என்பதை எது சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்? எனக்கு வேண்டியது அதுதான்.

முதலில் அல்சா. யாரோஸ்லாவ் கிசெலா 1998-இல் தொடங்கிய திட்டம் இது. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில், அதுவரை இருந்த ஓஎஸ்எஸ் என்ற ஒலி அமைப்பைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு முக்கிய இடத்துக்கு வந்தது. பழையதுதான், ஆனால் நோயறிவதற்கு இதைவிட நேர்மையான கருவி எனக்குத் தெரிந்து இல்லை. டெர்மினலில் ஏபிளே கட்டளையைச் சிறிய எல் விருப்பத்தோடு கொடுங்கள். கெர்னல் கண்டுபிடித்த கார்டுகள் வரிசையாக வரும். உங்கள் கார்டு அதில் இருந்தால் டிரைவர் அதை அடையாளம் கண்டுவிட்டது. சிக்கல் பெரும்பாலும் அமைப்பில், இல்லாவிட்டால் மேல் அடுக்கில் இருக்கும். இல்லையென்றால் கெர்னல் செய்திகளைப் பார்க்கவேண்டும். மதர்போர்டுகளோடு வரும் கார்டுகளுக்குப் பெரும்பாலும் எஸ்என்டி ஹெச்டிஏ இன்டெல் என்ற டிரைவர்தான். பெயரில் இன்டெல் இருந்தாலும் ஏஎம்டி போர்டுகளுக்கும் இதுவே, அதைப் பார்த்துக் குழம்பவேண்டாம்.

கார்டு பட்டியலில் இருக்கிறது, ஆனாலும் சத்தம் இல்லை. அப்போது டெர்மினலில் அல்சாமிக்சர் என்ற ஒலி அளவுக் கருவியைத் திறந்து, எஃப்6 அழுத்தி உண்மையான கார்டைத் தேர்ந்தெடுங்கள். பைப்வயரோ பல்ஸ்ஆடியோவோ ஓடும்போது முதலில் தெரிவது அவற்றின் ஒற்றைப் பட்டைதான், கார்டின் உள்ளமைப்பு அல்ல. எஃப்6-க்குப் பிறகு மாஸ்டர், ஹெட்போன், ஃப்ரன்ட் என்று பல பட்டைகள் எழுந்து நிற்கும். ஏதாவது ஒரு பட்டையின் அடியில் இரண்டு எம் எழுத்துகள் இருந்தால் அது வாயடைக்கப்பட்டிருக்கிறது. எம் விசையைத் தட்டினால் அவை இரண்டு பூஜ்யங்களாக மாறும். பட்டை 0-இல் படுத்திருந்தால் மேல்நோக்கு அம்புக்குறியால் ஏற்றுங்கள்.

அங்கேயே வலது பக்கம் நகர்ந்தால் ஆட்டோ மியூட் மோட் என்ற ஒன்று பல கார்டுகளில் இருக்கும். ஹெட்போன் செருகியதும் பின்பக்க ஸ்பீக்கரை அணைத்துவிடுவது அதன் வேலை. என் பெட்டியில் முன்பக்க ஹெட்போன் துளைக்குள் இருந்த தொடுதகடு வளைந்து, எதுவும் செருகாதபோதும் செருகியிருப்பதாகவே கார்டு நினைத்துக்கொண்டிருந்தது. மேல் அடுக்கில் எல்லா அளவும் சரியாகவே தெரிந்தது, ஸ்பீக்கர் மட்டும் ஊமை. ஆட்டோ மியூட்டை அணைத்த நொடியில் சத்தம் வந்தது. முன்னே சொன்ன அந்த இரவு போனது இந்த ஒரு தகட்டுக்காகத்தான்.

அப்படியானால் அல்சாவை மட்டும் வைத்துக்கொண்டு மேல் அடுக்கே இல்லாமல் இருந்துவிடலாமா? இருக்கலாம். பல செயலிகளின் சத்தத்தைக் கலந்து தர அதில் டிமிக்ஸ் இருக்கிறது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டை ஸ்பீக்கரிலிருந்து ஹெட்செட்டுக்கு ஒரு சொடுக்கில் மாற்ற முடியாது. புளூடூத்துக்குத் தனியாகப் பாடுபடவேண்டும். அன்றாடப் புழக்கத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

பல்ஸ்ஆடியோவை லெனார்ட் பொட்டரிங் 2004-இல் தொடங்கினார். 2007-இல் ஃபெடோரா 8 என்ற லினக்ஸ் வெளியீடு அதை இயல்பாக வைத்தது, அடுத்த ஆண்டே உபுண்டு 8.04-உம். தொடக்க ஆண்டுகளில் அது வாங்கிய வசவுக்கு அளவில்லை. அதில் ஒரு பங்கு அநியாயம் என்பது என் கருத்து. அது கணினியின் டைமரை நம்பி வேலை செய்யத் தொடங்கியதும், அதுவரை கண்ணில் படாமல் இருந்த டிரைவர் பிழைகள் பல வெளியே வந்தன. பழி மட்டும் பல்ஸ்ஆடியோவின் தலையில் விழுந்தது. இன்றும் பல்ஸ்ஆடியோவில் சத்தம் வெட்டி வெட்டி வந்தால் அந்த டைமர் முறையை இயக்கும் டிஷெட் என்ற அமைப்பை 0 ஆக்கிப் பார்ப்பது பழகிய மருந்து. அதன் பலவீனம் வேறு. கோளாறு நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே எட்டிப்பார்க்க வசதி குறைவு, பதிவுகளைத் தோண்டித்தான் தெரிந்துகொள்ளவேண்டும். சந்தேகத்தில் அதை நிறுத்தினாலும் தானே எழுந்து மறுபடி ஓடத் தொடங்கும், அது சோதனையையே குழப்பிவிடும்.

பைப்வயர் இந்த இடத்தில்தான் என்னை ஈர்த்தது. விம் டெய்மன்ஸ் உருவாக்கிய இது 2021-இல் ஃபெடோரா 34-இல் இயல்பான ஒலி அமைப்பானது. 1.0 பதிப்பு 2023 நவம்பரில் வந்தது. பிடபிள்யூ டாப் என்ற அதன் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். எந்தச் செயலி எந்தக் கார்டுக்கு எத்தனை மாதிரிகள் (ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்த எண்கள்) கொண்ட துண்டுகளாக அனுப்புகிறது என்பது கண்ணெதிரே ஓடும். ஈஆர்ஆர் என்ற நெடுவரிசையில் எண் ஏறிக்கொண்டே போனால், கார்டு கேட்ட நேரத்துக்குள் சத்தம் போய்ச்சேரவில்லை என்று பொருள். பாட்டுக்கு நடுவே கேட்கும் படபட இரைச்சல் இதனால்தான் பெரும்பாலும் வருகிறது. ஒரு துண்டில் இயல்பாக 1024 மாதிரிகள், நொடிக்கு 48,000 வேகத்தில், அதாவது சுமார் 21 மில்லிநொடி. துண்டை 2048 ஆக உயர்த்தினால் அவகாசம் இருமடங்காகும், இரைச்சல் பெரும்பாலும் அடங்கும். இசைப்பதிவு செய்பவர்களுக்கு இது எதிர்த்திசை. தாமதம் குறையவேண்டும் என்று அவர்கள் 128-க்கு இறக்குவார்கள், முன்பு இதற்காகவே தனியாக ஜாக் என்ற ஒலி நிரலை வைத்திருந்தார்கள். இப்போது ஜாக் செயலிகளையும் பைப்வயரே ஏற்றுக்கொள்கிறது.

குறை இல்லாமல் இல்லை. வயர்பிளம்பர் என்ற துணை நிரல்தான் எந்தக் கார்டுக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கிறது. பழைய தேர்வுகளை அது நினைவில் வைத்திருக்கும். கிராபிக்ஸ் கார்டின் ஹெச்டிஎம்ஐ ஒலியும் ஒரு சவுண்ட் கார்டாகவே தெரிவதால், ஸ்பீக்கர் இல்லாத மானிட்டருக்குப் பாட்டு போய்க்கொண்டிருக்கும். டபிள்யூபிசிடிஎல் கட்டளையில் ஸ்டேட்டஸ் கேட்டால், எந்தக் கார்டின் முன் நட்சத்திரக் குறி இருக்கிறது என்று பார்த்து மாற்றிவிடலாம். இன்னொன்று, சும்மா இருக்கும் கார்டைச் சில நொடிகளில் இது தூங்கவைத்துவிடும், அதனால் அறிவிப்பு ஒலிகளின் முதல் துணுக்கு விழுங்கப்படலாம். இது பல்ஸ்ஆடியோவிலும் உண்டு.

புதிதாக நிறுவுகிறீர்கள் என்றால் பைப்வயர் போதும், பல்ஸ்ஆடியோவுக்காக எழுதிய செயலிகளும் அதில் ஓடும். பல்ஸ்ஆடியோ பழுதில்லாமல் ஓடும் பழைய பெட்டியை நான் கலைக்கமாட்டேன். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிடுவது மட்டும் கூடாது, ஒரே கார்டுக்கு இரண்டும் அடித்துக்கொள்ளும்.

ஏபிளே பட்டியலிலேயே கார்டு இல்லையா? அப்படியானால் இவற்றில் எதை மாற்றியும் பயனில்லை. விண்டோஸும் சேர்ந்திருக்கும் பெட்டி என்றால், மறுதொடக்கத்தோடு நிறுத்தாமல் மின்சாரத்தையே துண்டித்து ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். விண்டோஸ் விட்டுச்சென்ற நிலையிலேயே சிப் மாட்டிக்கொண்டிருப்பதுண்டு. அப்புறமும் வரவில்லை என்றால், புதிய கெர்னல் உள்ள லைவ் யூஎஸ்பி (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவ்) ஒன்றில் கணினியைத் துவக்கி அதே கட்டளையைக் கொடுங்கள். அங்கே கார்டு தெரிந்தால், உங்களுக்கு வேண்டியது கெர்னல் அல்லது ஃபர்ம்வேர் (சிப்புக்கான உள்நிரல்) மேம்படுத்தல்தான்.