வாசலில் கோட்டை விட்டால் பில்லில் தெரியும்: லைவ் மியூசிக் பப்களில் நடக்கும் கூத்து

ஒரே ராத்திரியில் மூன்று நான்கு பப் ஏறி இறங்கிப் பாட்டுக் கேட்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் ஏமாறுவது கவர் சார்ஜில்தான், அதாவது உள்ளே விட வாசலில் வாங்கும் காசில். "கட்டுற காசு முழுக்க உள்ளே கழிச்சுக்கலாம் சார்" என்பார்கள். உட்கார்ந்து மெனுவைப் புரட்டும்போதுதான் விஷயம் வெளியே வரும். அந்தக் காசுக்குத் தரும் கூப்பன் சில ஐட்டங்களுக்கு மட்டும், வரி தனி, மிச்சம் திரும்பாது. ஒரு ரவுண்டோடு அடுத்த இடத்துக்குக் கிளம்புகிறவரால் கவரைத் தீர்க்கவே முடியாது. ஆகவே, கையில் பட்டை கட்டும் முன்பே கேளுங்கள்: எதற்கெல்லாம் கழியும், வெளியே போனால் திரும்ப விடுவார்களா, பேண்ட் எத்தனை மணிக்கு மேடை ஏறும்?

கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். போஸ்டரில் 9 மணி என்றிருக்கும். 9 மணிக்கு சவுண்ட் செக்தான் ஓடிக்கொண்டிருக்கும். முதல் செட் பெரும்பாலும் முக்கால் மணி நேரம், பிறகு இடைவேளை. அந்த இடைவேளையில் நுழைந்து, ஸ்பீக்கரில் ஓடும் ரெக்கார்டுக்குக் கவர் கட்டிவிட்டு வருகிறவர்கள் ஏராளம். மேடையை எட்டிப் பாருங்கள். டிரம்ஸ், ஆம்ப்ளிஃபயர், கிட்டார் ஏதாவது இருக்கிறதா? ஒரு லேப்டாப்பும் ஒற்றை மைக்கும் மட்டும் என்றால் அநேகமாக டிராக் (பதிவுசெய்த இசை) போட்டுப் பாடுகிற ஆள்தான். அதற்கு இவ்வளவு கவர் அநியாயம்.

அடுத்தது ஹேப்பி ஹவர், அதாவது குறைந்த விலையில் சரக்கு தரும் நேரம். 8 மணிக்கு முடிகிறது என்று வையுங்கள். நீங்கள் 7:50க்குச் சொன்ன ஆர்டரை சர்வர் 8:04க்கு மெஷினில் போடுவார். பில் அந்த நேரத்தைத்தான் பார்க்கும், முழு விலை விழும். கடைசி இருபது நிமிடத்தில் ஆர்டர் செய்தால் கே.ஓ.டி. சீட்டை (ஆர்டர் மெஷினில் ஏறியதும் வரும் சீட்டு) உடனே கேட்டு நேரத்தைப் பாருங்கள். பில் வந்த பிறகு சண்டை போட்டால் எடுபடாது.

அளவிலும் விளையாடுவார்கள். பீரை பைன்ட் கணக்கில் விற்பார்கள். பிரிட்டிஷ் பைன்ட் 568 மில்லி, அமெரிக்க பைன்ட் 473 மில்லி. பைன்ட் என்று சொல்லி 330 மில்லி கிளாஸை நீட்டுகிற இடமும் உண்டு, அதிலும் மேலே மூன்று விரல் நுரை. மெனுவில் மில்லி போடவில்லையென்றால் கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள். சரக்கு என்றால் அளவுக் கோப்பையில் கண்ணெதிரே ஊற்றச் சொல்லுங்கள். வெறுமனே "ஒரு வோட்கா" என்று சொல்லாதீர்கள். பிராண்ட் சொல்லாத ஆர்டருக்குச் சில இடங்களில் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் விலை கூடிய பாட்டில்தான் இறங்கும், சத்தத்தில் காதில் விழவில்லை என்று சமாளிப்பார்கள். (சத்தம் நிஜம்தான். இசை அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்ன உச்ச சராசரி 100 டெசிபல். ஸ்பீக்கருக்கு நேரெதிர் மேசையைத் தவிருங்கள்.)

கணக்கைத் திறந்துவைக்க கார்டைப் பாரிலேயே கொடுத்துவிட்டு மேசைக்குப் போகாதீர்கள். யார் யாரோ குடித்ததெல்லாம் அதில் ஏறும். பல இடங்களில் முன்பணமாக ஒரு தொகையை வங்கியில் நிறுத்திவைப்பார்கள், அது விடுபட நாளாகும். நாலு பப்பில் நாலு முறை நிறுத்தினால் ராத்திரி பாதியிலேயே கார்டு வேலை செய்யாமல் போகலாம். ரவுண்டுக்கு ரவுண்டு கட்டிவிடுவதே நல்லது. பில்லில் சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே இருந்தும் மெஷின் டிப்ஸ் கேட்டால் பூஜ்ஜியம் அழுத்துங்கள். வெளிநாட்டில் உங்கள் ஊர்ப் பணத்திலா, அந்த ஊர்ப் பணத்திலா என்று மெஷின் கேட்டால் அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் மாற்று விகிதத்திலேயே தனிக் கமிஷன் ஒளிந்திருக்கும்.