மலிவு விலை ஃபிளை ராட் வாங்குவோர் கவனத்திற்கு: அட்டையில் உள்ள எண்ணை நம்பிவிடாதீர்கள்

“9 அடி, 5 ஆம் எண், முழுக் கார்பன், ரீல், லைன், உறை அனைத்தும் சேர்த்து” என்ற விளம்பரத்துடன் இணையத்தில் விற்கப்படும் மலிவு விலை ஃபிளை ஃபிஷிங் (போலிப் பூச்சியைக் கொண்டு மீன் பிடித்தல்) தொகுப்பு எதையேனும் வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இமாச்சலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்தில் ஓடும் திர்த்தன் ஆற்றில் டிரவுட் மீன் பிடிப்பதற்காக அப்படியொரு தொகுப்பை வாங்கி ஏமாற்றப்பட்டேன். விற்றவரின் பெயரை எழுதப்போவதில்லை. அதே பொருள் வெவ்வேறு பெயர்களில் விற்கப்படுவதைப் பிறகு பார்த்தேன்; ஆகவே பெயரைவிட, ஏமாற்றும் முறையை அறிந்துகொள்வதே உங்களுக்கு உதவும்.

மற்றத் தூண்டில்களில் ஈயக்குண்டோ இரையோ தன் எடையால் தங்கூஸை இழுத்துக்கொண்டு போய் விழும். ஃபிளை ஃபிஷிங்கில் முள்ளில் இருப்பது இறகும் நூலும் சுற்றிய போலிப் பூச்சி மட்டுமே. அதற்கு எடை இல்லை என்றே சொல்லலாம். வீசுவதற்கு வேண்டிய எடை முழுவதும் லைன் எனப்படும் தடித்த தூண்டில் கயிற்றில் இருக்கிறது. அந்த எடைக்குக் கோல் (ராட்) வளைந்து, நிமிரும்போது லைனை முன்னே செலுத்துகிறது. கோலின் மீது எழுதப்பட்டிருக்கும் எண், எந்த எடையுள்ள லைனுக்கு அது வளையும் என்பதைக் குறிப்பதாகும். லைனின் முதல் 30 அடி எத்தனை கிரெய்ன் (ஒரு சிறிய எடை அலகு) இருக்க வேண்டும் என்பதற்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவு உண்டு. 4 ஆம் எண்ணுக்கு 120 கிரெய்ன், 5 ஆம் எண்ணுக்கு 140, 6 ஆம் எண்ணுக்கு 160 என அது ஏறிச் செல்கிறது. 140 கிரெய்ன் என்பது ஏறத்தாழ 9.1 கிராம், சற்றே கூடக் குறைய இருப்பதையும் அந்த அளவு அனுமதிக்கிறது.

நான் வாங்கிய தொகுப்பில் இருந்த லைன், பத்து அடிக்கு அப்பால் போக மறுத்து, ஒவ்வொரு வீச்சிலும் காலடியிலேயே சுருண்டு விழுந்தது. ஊர் திரும்பியதும் முதல் 30 அடியை அளந்து, சிறு வளையமாகச் சுற்றி, நகை நிறுக்கும் மின்னணுத் தராசில் வைத்தேன். 6.5 கிராம் காட்டியது. அது 3 ஆம் எண் லைனுக்கு உரிய எடை. அட்டையிலோ 5 என்று தெளிவாக அச்சிட்டிருந்தார்கள்.

லைன் மட்டும் தவறாக இருந்திருந்தால் வேறு லைன் வாங்கிச் சமாளித்திருக்கலாம். ஆற்றங்கரையில் உடனிருந்த உள்ளூர் வழிகாட்டி தன்னுடைய சரியான 5 ஆம் எண் லைனைக் கோர்த்துக் கொடுத்தும், கோல் கம்பிபோல் விறைத்தே நின்றது. நுனிப்பகுதி மட்டும் லேசாகத் தலையசைத்தது. அன்று மாலையே, பாறையில் படாமல், மீன் எதுவும் மாட்டாமல், வெறும் வீச்சிலேயே, இணைத்து நீட்டும் கோல் துண்டுகளில் இரண்டாவது அதன் இணைப்புக்குச் சற்று மேலே முறிந்தது. முறிந்த இடத்தில் கறுப்புப் பூச்சு செதிலாக உரிந்து, உள்ளே வெளிர் மஞ்சள் இழைகள் துடைப்பக் குச்சிகளைப்போல் பிரிந்து நின்றன. கார்பன் இழை உள்ளும் புறமும் கறுப்பாக இருக்கும். இது கறுப்புச் சாயம் பூசிய கண்ணாடி இழை. கண்ணாடி இழைக் கோல் தன்னளவில் மோசமானது அன்று. சிற்றோடைகளுக்கு அதன் மென்மையான வளைவையே விரும்பித் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். கார்பன் என்று சொல்லி அதை விற்பதுதான் மோசடி.

விற்பனையாளரைத் தொலைபேசியில் அழைத்தபோது, “சார், நீங்கள் பாறையில் அடித்து உடைத்திருப்பீர்கள், திருப்பித் தரும் ஏழு நாள் கெடுவும் முடிந்துவிட்டது” என்று பதில் வந்தது. ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்று அட்டையில் இருந்ததைச் சுட்டிக்காட்டினேன். உடைந்த துண்டை என் செலவில் வெளிநாட்டு முகவரிக்கு அனுப்ப வேண்டும், கையாளும் கட்டணமும் தனியே கட்ட வேண்டும் என்றார்கள். இரண்டையும் கூட்டினால் புதிய கோலின் விலையைத் தாண்டியது.

இந்த இடத்தில் பலரும் சலித்து விட்டுவிடுகிறார்கள், விட வேண்டியதில்லை. 2020 ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். நானும் அவருக்கு எழுதியதோடு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன்.

குறைந்த விலையில் நல்ல கோல் கிடைக்காது என்று நான் சொல்ல வரவில்லை. ஆர்விஸ் நிறுவனத்தின் கிளியர்வாட்டர் வரிசை, எக்கோ, டெம்பிள் ஃபோர்க் நிறுவனங்களின் தொடக்க நிலைக் கோல்கள் ஆகியவை, உயர் விலைக் கோல்களின் விலையில் ஒரு சிறு பங்குக்கே நேர்மையாக வேலை செய்பவை. வேறு எதை வாங்கினாலும், பொருள் கைக்கு வந்த அன்றே லைனை நிறுத்துப் பாருங்கள். கோலையும் நிறுங்கள்: 9 அடி, 5 ஆம் எண் கார்பன் கோல் 100 கிராமை ஒட்டி இருக்கும், எனக்கு வந்தது 160 கிராம். துண்டுகளை இணைத்து அடியிலிருந்து நுனி நோக்கிப் பார்வையைச் செலுத்தினால், லைன் செல்லும் வளையங்கள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இணைப்பில் ஆட்டம் இருக்கக் கூடாது. கோலின் மேல் அச்சிட்டிருக்கும் ஐஎம்6, ஐஎம்7 போன்ற எழுத்துகளுக்கு மயங்காதீர்கள்; அவை ஓர் இழைத் தயாரிப்பாளரின் வணிகப் பெயர்களே தவிர, கோலின் தரத்தைச் சோதித்துத் தரும் சான்று அல்ல.

எல்லாவற்றுக்கும் முன்பாக, பணம் கட்டும் அன்றைக்கே விளம்பரப் பக்கம் முழுவதையும் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் புகார் அளித்த பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, ‘முழுக் கார்பன்’ என்று இருந்த இடத்தில் ‘கார்பன் நிறம்’ என்று மாற்றப்பட்டிருந்தது. பழைய பக்கத்தின் படம் கைவசம் இருந்ததால்தான் என் புகார் இன்னும் உயிரோடு இருக்கிறது.