பிரவுசருக்குப் பூட்டு: குரூப் பாலிசியா, கோப்பா, கிளவுடா?

ஒரு ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். இருபது கணினிகள், நூற்றுக்கணக்கான கிளையண்ட்டுகள். ஒவ்வொருவருக்கும் ஜிஎஸ்டி தளத்துக்கு ஒரு லாகின், வருமான வரித் தளத்துக்கு ஒரு லாகின். ஊழியர் ஒருவர் அலுவலகக் கணினியின் குரோமில் தன் சொந்த ஜிமெயில் கணக்கைச் சேர்த்து, சேமித்தவற்றைத் தன் எல்லாக் கருவிகளுக்கும் கொண்டுபோகும் சிங்க்கை ஆன் செய்கிறார். பாஸ்வேர்டைச் சேமிக்கலாமா என்று குரோம் கேட்கும்போதெல்லாம் சரி என்கிறார். அன்று மாலைக்குள் அத்தனை பாஸ்வேர்டும் அவருடைய கைபேசிக்குப் போய்விடும். வேலையை விட்டுப் போன பிறகும் அங்கேயே இருக்கும். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பிரவுசர் கேட்டது, அவர் சரி என்றார். தடுத்திருக்க வேண்டியது அலுவலகம்.

ஒவ்வொரு கணினியிலும் உட்கார்ந்து செட்டிங்ஸை மாற்றினால், அடுத்தவர் அதைத் திருப்பி மாற்ற ஒரு நிமிடம் போதும். பயனர் மாற்ற முடியாதபடி ஓரிடத்திலிருந்து விதிப்பதுதான் பாலிசி. குரோம் நல்லதா ஃபயர்ஃபாக்ஸ் நல்லதா என்ற கேள்வியிலிருந்துதான் பலரும் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால், பாலிசி கணினிக்கு எந்த வழியாகப் போய்ச் சேரப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பிரவுசரை அதற்குப் பிறகு தேர்ந்தெடுக்கலாம்.

விண்டோஸ் சர்வரும், அலுவலகக் கணினிகளை அதன் கீழ் ஒன்றாக இணைக்கும் டொமைனும் ஏற்கெனவே இருந்தால், சர்வரிலிருந்தே விதிகளை அனுப்பும் குரூப் பாலிசியை விட்டு வேறெங்கும் போக வேண்டாம். கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா மூன்றுமே தங்கள் பிரவுசரின் விதிகளைப் பட்டியலிடும் டெம்ப்ளேட் கோப்புகளை இலவசமாகத் தருகின்றன. சர்வரின் பொது பாலிசி ஃபோல்டரில் அவற்றைப் போட்டுவிட்டால் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றுக்குமான விதிகளை ஒரே ஜன்னலில் பார்க்கலாம். கணக்குப் பிரிவுக்கு ஒன்று, வரவேற்பு மேஜைக்கு ஒன்று என்று பிரித்தும் விதிக்கலாம். கணினிகள் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதோடு 30 நிமிடம் வரை கூடுதலாக, புதிய விதிகளைத் தாமாகவே வாங்கிக்கொள்ளும். குறையும் உண்டு. வீட்டுக்கு எடுத்துப்போன லேப்டாப்புக்குப் பழைய விதிகள் அப்படியே இருக்கும், ஆனால் விபிஎன் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக அலுவலகத்தோடு இணையும் வரை புதிய விதி போய்ச் சேராது. விண்டோஸ் ஹோம் பதிப்பு டொமைனில் சேரவே சேராது. செலவைக் குறைக்க ஹோம் பதிப்போடு வாங்கிய கணினிகள் நம் சின்ன அலுவலகங்களில் ஏராளம்.

டொமைன் இல்லாத இடத்தில்தான் ஒப்பீடு சூடு பிடிக்கிறது. இங்கே ஃபயர்ஃபாக்ஸின் கை ஓங்கியிருக்கிறது. 2018இல் வந்த 60ஆம் பதிப்பிலிருந்து ஜேசன் என்ற உரை வடிவில் எழுதிய ஒரே ஒரு கோப்பு போதும். ஃபயர்ஃபாக்ஸ் நிறுவப்பட்ட இடத்தில் 'டிஸ்ட்ரிபியூஷன்' என்று ஒரு ஃபோல்டரை உருவாக்கி, அதற்குள் 'பாலிசிஸ்' என்ற பெயரில் அந்தக் கோப்பை வைத்தால் முடிந்தது. அதே கோப்பு லினக்ஸிலும் மேக்கிலும் வேலை செய்யும், வைக்கும் இடம் மட்டும் மாறும். விண்டோஸும் லினக்ஸும் கலந்திருக்கும் அலுவலகத்துக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் இந்த வழியில் இரண்டு இடங்களில் கால் இடறும். நோட்பேடில் எழுதிச் சேமிக்கும்போது கோப்பின் வாலில் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும். கோப்புப் பெயரின் இந்த வாலை மறைத்து வைப்பது விண்டோஸின் இயல்பு என்பதால் பெயர் சரியாக இருப்பதுபோலவே தெரியும், ஃபயர்ஃபாக்ஸோ அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அடுத்தது காற்புள்ளி. பட்டியலின் கடைசி வரிக்குப் பின் ஒரு காற்புள்ளி மிஞ்சிவிட்டால் அந்த ஒரு விதி மட்டுமல்ல, முழுக் கோப்பும் செல்லாமல் போகும். அதனால் கோப்பை மாற்றியதும் ஃபயர்ஃபாக்ஸை மூடித் திறந்து, முகவரிப் பட்டையில் 'அபவுட்:பாலிசிஸ்' பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும். செயலில் உள்ளவை ஒரு பகுதியிலும் பிழைகள் தனிப் பகுதியிலும் தெரியும்.

டொமைன் இல்லாத விண்டோஸில் குரோமுக்கும் எட்ஜுக்கும், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி வழியாக விதிக்கலாம். பெரும்பாலான விதிகள் ஏற்கும். முகப்புப் பக்கம், திறந்ததும் வரவேண்டிய பக்கங்கள், தேடுபொறி போன்ற சிலவற்றை மட்டும் குரோம் ஏற்காது. கணினி டொமைனிலோ கூகுளின் கிளவுட் மேலாண்மையிலோ சேர்ந்திருந்தால்தான் அவை செல்லும். முகப்புப் பக்கத்தைக் கடத்துவது தீய மென்பொருள்களின் பழைய வழக்கம், அதற்காக வைத்த கட்டுப்பாடு இது. காரணம் நியாயமானதுதான். ஆனால் தெரியாமல் மாட்டிக்கொள்பவர் அரை நாளைத் தொலைத்துவிடுவார்.

அந்த அரை நாளை மிச்சப்படுத்தும் வழி கிளவுட். குரோம் எண்டர்பிரைஸ் கோர் என்று கூகுள் தருவது இலவசம். அட்மின் கன்சோல் என்ற அதன் மேலாண்மைப் பக்கத்தில் ஒரு டோக்கனை (கணினியைச் சேர்ப்பதற்கான குறியீட்டை) எடுத்து, ஒவ்வொரு கணினியிலும் ஒருமுறை பதித்துவிட்டால் போதும். அதன்பின் லேப்டாப் ஊட்டியில் இருந்தாலும் இணையம் கிடைத்ததும் விதி வந்துவிடும். ரிப்போர்ட்டிங்கை ஆன் செய்தால் எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு, பிரவுசரில் சேர்த்த எந்தெந்த எக்ஸ்டென்ஷன் (துணை நிரல்) என்பதையும் பார்க்கலாம். இந்தப் பார்வை கோப்பு வழியில் கிடைக்கவே கிடைக்காது. கோப்பை வைத்தோம் என்பது நமக்குத் தெரியும், அது இன்றும் அங்கே இருக்கிறதா என்பதைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் இந்தக் கன்சோலிலிருந்து குரோமை மட்டும்தான் ஆளலாம். ஃபயர்ஃபாக்ஸும் எட்ஜும் அதன் கைக்கு அகப்படாது.

எட்ஜைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அது முன்பே இருக்கிறது. குரோமுக்கு எல்லாப் பூட்டும் போட்டுவிட்டு எட்ஜை மறந்துவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் ஓட்டை. இரண்டும் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் இயங்குவதால் விதிகளின் பெயர்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அதனாலேயே ஒன்றுக்குப் போட்டால் மற்றதுக்கும் சேரும் என்று நினைத்துவிடுகிறோம். சேராது. ரெஜிஸ்ட்ரியில் இரண்டுக்கும் இடம் வேறு. ஃபயர்ஃபாக்ஸையே நம்பியிருக்கும் அலுவலகமும் எட்ஜுக்குச் சில அடிப்படை விதிகளைப் போட்டுத்தான் ஆக வேண்டும். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்காக எழுதிய தளம் ஏதாவது இன்னும் தேவைப்பட்டால் அதற்கு எட்ஜின் ஐஇ மோட் தவிர வேறு கதியில்லை. 2029 வரையாவது அதற்கு ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது.

அப்டேட் வேகத்தைப் பொறுத்தவரை, அடிக்கடி மாற்றம் வேண்டாம் என்பவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸ் இஎஸ்ஆர் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பு வசதி. பெரிய பதிப்பு ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறைதான் மாறும், பாதுகாப்புத் திருத்தங்கள் இடையிலேயே வந்துகொண்டிருக்கும். குரோமிலும் எட்ஜிலும் அதிகபட்சம் எட்டு வாரத்துக்கு ஒருமுறை மாறும் பதிப்புதான்.

முதலில் சொன்ன பாஸ்வேர்ட் விஷயத்துக்கு எந்த வழியில் போனாலும் மூன்று விதிகள் வேண்டும்: பிரவுசரில் தனிக் கணக்கைச் சேர்க்கத் தடை, சிங்க்குக்குத் தடை, பாஸ்வேர்ட் சேமிப்புக்குத் தடை. குரோமில் மூன்றாவது விதி புதிதாகச் சேமிப்பதை மட்டுமே தடுக்கும், ஏற்கெனவே சேமித்தவை தொடர்ந்து வேலை செய்யும். வெளியே போய்விட்ட பாஸ்வேர்டுகளை எந்தப் பாலிசியும் திரும்பக் கொண்டுவராது. ஆகவே விதியைப் போடும் அன்றே கணினியில் சேமித்தவற்றை அழித்து, கிளையண்ட்டுகளின் பாஸ்வேர்டுகளையும் மாற்றத் தொடங்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இதை விட்டுவிட்டால் மற்றவற்றைச் செய்து பயனில்லை.

என் தேர்வு இதுதான். டொமைன் இருந்தால் குரூப் பாலிசியோடு எட்ஜ் அல்லது குரோம். லேப்டாப்புகள் ஊர் சுற்றும் அலுவலகத்துக்கு குரோமும் கிளவுடும். டொமைனும் இல்லை, கணினிகளும் இருபதுக்குள், அவற்றில் சில லினக்ஸ் என்றால் ஃபயர்ஃபாக்ஸ் இஎஸ்ஆரும் அந்த ஒற்றைக் கோப்பும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஊழியர்களின் விண்டோஸ் கணக்கிலிருந்து அட்மின் உரிமையை முதலில் எடுத்துவிடுங்கள். அந்த உரிமை கையில் இருப்பவர் கோப்பையும் நீக்கலாம், ரெஜிஸ்ட்ரியையும் திருத்தலாம்.